வீடும் எழுத்தும்: ஜீன் அரசநாயகத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

இலக்கியக் கூட்டங்களில் பெண் எழுத்தாளர் ஒருவர் மேடையேறினால் சபையிலிருந்து தவறாது எழுகின்ற கேள்வி ஒன்றுண்டு. வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொண்டு எவ்வாறு எழுதுகிறீர்கள் என்பதே அது. கேட்பவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார். விடை சொல்பவரும், விடியுமுன் எழுந்து எழுதுகிறேன் என்றோ, பிள்ளைகள் உறங்கிய பின் எழுதுகிறேன் என்றோ புன்னகையோடு கூறி அமர்கிறார். சபை கைதட்டுகிறது. சமுதாயம் முழுவதும் பொறுப்பேற்க வேண்டிய பிரச்சினையொன்று அந்தக் கைதட்டலில் தனியொரு பெண்ணின் சாமர்த்தியமாகச் சுருங்கிவிடுகின்றது. ஆண் நாவலாசிரியர் எவரிடமும் இக்கேள்வி கேட்கப்படுவதில்லை என்பது எவருக்கும் உறைப்பதுமில்லை.

கண்டி மாநகரையே எடுத்துக்கொள்வோம். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனப் போற்றப்படும் 'அசன்பேயுடைய கதை' 1885இல் வெளிவந்தது. அதனை எழுதிய சித்திலெவ்வை (1838–1898) கண்டியிலே பிறந்தவர், வழக்கறிஞர், 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி நடத்தியவர், முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காக ஓயாது உழைத்தவர், பெண் கல்விக்காகவும் வாதாடியவர். நீதிமன்றம், அச்சகம், பாடசாலை ஆகிய மூன்றுக்கும் இடையில், எகிப்தில் தொடங்கி இந்தியா வரை செல்லும் ஒரு நீண்ட கதையையும் அவர் எழுதி முடித்தார். இவற்றையெல்லாம் இலக்கிய வரலாறு ஆண்டு குறித்துப் போற்றுகிறது, போற்றத்தான் வேண்டும். ஆயின் அவர் எழுதிய நாட்களில் அவ்வீட்டில் அடுப்பெரித்த கைகளைப் பற்றி அதே இலக்கிய வரலாறு ஒரு வரியும் எழுதவில்லை. அதனை எழுதத்தக்க செய்தியாக எவரும் கருதவில்லை.

அதே கண்டியில், அவருக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிந்தி எழுதிய ஒரு பெண்ணைப் பற்றிப் பேசவே இக்கட்டுரையை நாம் எடுத்துக்கொண்டோம். 1931ஆம் ஆண்டு டிசம்பரில் பிறந்து 2019ஆம் ஆண்டு ஜூலையில் மறைந்த ஜீன் அரசநாயகம் ஆங்கிலத்தில் எழுதியவர். கவிஞர், சிறுகதையாசிரியர், நாவலாசிரியர். ஆங்கிலப் பாடத்திட்டத்தில் இடம்பெற்ற ஒருவராக மட்டும் அவரை அறிந்திருக்கும் மாணவர் நம்மிடையே பலர். அவரது வாழ்வையும் எழுத்தையும் ஒருசேர நோக்கும்போது, குடும்பமும் இலக்கியமும் தராசின் இரு தட்டுகள் என்றும், ஒன்று தாழ்ந்தால் மற்றது உயரும் என்றும் நாம் வழிவழியாகக் கொண்டுள்ள எண்ணம் நிலைகுலைந்து போகின்றது.

ஜீன் டச்சுப் பறங்கியர் வழிவந்தவர், இயற்பெயரில் சொலமன்ஸ். கண்டிப் பெண்கள் உயர்தரப் பாடசாலையிலும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் கற்று, ஆங்கில ஆசிரியராகப் பணிபுரிந்தார். 1961இல், யாழ்ப்பாணத்து நவாலியைச் சேர்ந்த தியாகராசா அரசநாயகத்தை மணந்தார். சிங்களம் மட்டும் சட்டம் வந்து ஐந்து ஆண்டுகளும், 1958ஆம் ஆண்டுக் கலவரம் முடிந்து மூன்று ஆண்டுகளுமே ஆகியிருந்த காலம் அது. மொழியின் பெயரால் நாடு இரண்டாகப் பிளந்துகொண்டிருந்த வேளையில், இரண்டிலும் சேராத ஒரு சிறுபான்மையினத்துப் பெண், பிளவின் ஒரு பக்கத்து வீட்டுக்கு மருமகளாகச் சென்றாள். சாதாரணத் திருமணந்தான், காதலித்தவர்கள் மணந்துகொண்டார்கள். ஆனால் அவ்வீட்டில் அதன்பின் நிகழ்ந்த எதுவும் தனிப்பட்ட குடும்ப விவகாரமாக மட்டும் இருக்க முடியாமற் போயிற்று.

இங்கே ஆண்டுகளைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். திருமணம் 1961இல். முதற் கவிதைத் தொகுதியான 'கிந்துரா' 1973இல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள், இரு பெண்மக்கள், ஆசிரியத் தொழில். முதல் நூல் வெளிவந்தபோது அவர் நாற்பதைத் தாண்டியிருந்தார். நீண்ட உரைநடைப் புனைகதை இன்னும் தாமதித்தே வருகின்றது. 'அந்நியள்' எனப் பொருள்படும் 'தி அவுட்சைடர்' 1989இல் வெளிவந்தது. 'ஆல் இஸ் பேர்னிங்' என்னும் சிறந்த கதைத் தொகுதி 1995இல், அவரது அறுபத்து மூன்றாம் வயதில் வெளிவந்தது. அதாவது, கவிதை முதலில், சிறுகதை அடுத்து, நீள்கதை இறுதியில். இந்த வரிசை அழகியல் விருப்பத்தால் மட்டும் அமைந்ததென்று எம்மால் நம்ப இயலவில்லை. வகுப்பறைக்கும் சமையலறைக்கும் இடையில் கிடைக்கும் அரைமணி நேரத்தில் ஒரு கவிதையின் முதல் வடிவம் அகப்பட்டுவிடும். நாவலுக்கு அரைமணி நேரங்கள் போதா. நேற்று விட்ட இடத்தில் இன்று தொடரவும், பத்து மாந்தரை மாதக்கணக்கில் மனத்தில் சுமந்து திரியவும் அது வேண்டுகிறது. அத்தகைய தொடர்ச்சியான காலம் யாருக்கு வாய்க்கிறது என்பது வர்க்கத்தையும் பாலையும் பொறுத்த கேள்வி. இலக்கிய வடிவங்களின் வரலாற்றை எழுதும் நம்மவர்கள் அச்சு வசதியையும் கல்விப் பரவலையும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். பொழுதின் பங்கீட்டை ஆராய்ந்தவர் மிகச் சிலரே.

அமெரிக்காவின் இடதுசாரி எழுத்தாளர் டில்லி ஒல்சனின் கதை இதனை இன்னும் கசப்பாகச் சொல்கிறது. தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, போராட்டங்களில் பங்குகொண்டு, 1930களில் ஒரு நாவலைத் தொடங்கினார் அவர். நான்கு பிள்ளைகளும் கூலி வேலையும் அதனை முடிக்கவிடவில்லை. அவரது முதற் கதைத்தொகுதி 1961இல் வெளிவந்தபோது ஏறத்தாழ ஐம்பது வயது. தொடங்கிய நாவல் 1974இல் முடிவுபெறாத நிலையிலேயே அச்சேறியது. எழுதப்படாமற் போன எழுத்துகளைப் பற்றியே அவர் 1978இல் 'மௌனங்கள்' என்னும் பொருள்படும் ஒரு நூலை வெளியிட்டார். நம் நூலகங்களில் அடுக்கப்பட்டிருக்கும் நூல்களை மட்டும் கொண்டு இலக்கியத்தை எடைபோடும் விமர்சகர்கள் அந்நூலை ஒருமுறையேனும் புரட்டிப் பார்ப்பது நல்லது.

இவ்விவாதத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது வேர்ஜினியா வூல்பின் 'தனக்கென ஓர் அறை' (1929) என்னும் நூலை. அதற்குங்கூடக் கண்டியோடு ஒரு தூரத்து உறவு உண்டு. அவரது கணவர் லெனாட் வூல்ப் 1907இல் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிக் கண்டிக் கச்சேரியில் கடமையாற்றியவர். பின்னர் அம்பாந்தோட்டைக்குச் சென்றவர். குடியேற்ற ஆட்சியின் உத்தியோகத்தை உதறி, 1912இல் வேர்ஜினியாவை மணந்து, அடுத்த ஆண்டே தென்னிலங்கைக் கிராமமொன்றின் அழிவைச் சித்திரிக்கும் நாவலை வெளியிட்டவர். எழுதும் பெண்ணுக்கு ஆண்டொன்றுக்கு 500 பவுணும், தாழிடக்கூடிய ஓர் அறையும் வேண்டும் என்று வேர்ஜினியா வாதிட்டார். மறுக்கவொண்ணாத வாதம். பொருளாதார அடித்தளத்தை இத்துணை வெளிப்படையாகப் பேசிய அழகியல்வாதி வேறெவருமில்லை எனலாம். ஆனால் நூலுள் கதை சொல்பவளுக்கு அந்த 500 பவுண் எங்கிருந்து வருகிறது? பம்பாயில் குதிரையேறிச் சென்றபோது விழுந்து இறந்துபோன ஓர் அத்தையின் சொத்திலிருந்து! லண்டனில் ஒரு பெண்ணுக்கு அறை கிடைக்க பம்பாயில் ஒரு பேரரசு இருக்கவேண்டியிருந்தது. வேர்ஜினியா இதனை வேண்டுமென்றே எழுதினாரா, போகிற போக்கில் எழுதினாரா என்று நாம் தர்க்கிக்கப் போவதில்லை. உண்மை அங்கே அச்சில் கிடக்கிறது.

அந்தப் பேரரசின் மற்றொரு முனை கண்டி நகரின் எல்லையிலேயே தொடங்குகிறது. ஹேவாஹெட்டைப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள்முதலாக, நம் பெண்கள் விடியுமுன் எழுந்து, ரொட்டி தட்டி, பாலகரைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, கூடையைத் தலையில் மாட்டி மலையேறி வருகின்றார்கள். மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பினால் லயத்துக் காம்பராவில் அடுப்பும் விறகும் காத்திருக்கும். ஆணுக்குச் சமமான கூலியே 1984இல்தான் அவர்களுக்குக் கிட்டியது. இவர்களிடம் போய், வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எந்த இலக்கியச் சபையும் கேட்டதில்லை. அவர்களது சிருஷ்டி தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கொழுந்து மலைப் பாட்டிலும் வெளிப்பட்டது. கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே வாய் பாடக்கூடியது என்பதால் பாட்டு அவர்களுக்கு வசப்பட்டது. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தாமே பாடல்களை இயற்றித் தொழிலாளர் மத்தியில் பாடினார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. மேசையும் விளக்கும் தனியறையும் அவ்வடிவத்துக்குத் தேவைப்படவில்லை.

நாவலோ வேறிடத்திலிருந்து வந்தது. 1964இல் வெளியான 'மலைக்கொழுந்து' ஆசிரியர் நந்தி மருத்துவர். அதே ஆண்டு வெளிவந்த 'தூரத்துப் பச்சை'யின் ஆசிரியை கோகிலம் சுப்பையா, தோட்டத்துப் பெண்ணின் வாழ்வைத் தலைமுறை கடந்து எழுதிக் காட்டியவர். எனினும் அவரும் கூடை சுமந்தவரல்லர். தோட்ட மண்ணிலேயே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) ஆசிரியராகவும், 1947இல் தெரிவான பாராளுமன்ற உறுப்பினராகவும், தொழிற்சங்கவாதியாகவும் இருந்தவர். 'காலங்கள் சாவதில்லை' (1974) தந்த தெளிவத்தை ஜோசப்பும் ஆசிரியராய் இருந்தவரே. இவர்கள் அனைவரும் மலையகத்துக்கு மகத்தான பணி செய்தவர்கள். குறை சொல்வது எமது நோக்கமன்று. மேசை எங்கே இருந்ததோ அங்கிருந்தே நாவல் பிறந்தது என்பதைச் சுட்டவே இவர்களைக் குறிப்பிட்டோம்.

ஜீன் அரசநாயகத்திடம் ஒரு மேசை இருந்தது. கல்வி இருந்தது, ஆங்கிலம் இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது. தோட்டத்துப் பெண்ணோடு ஒப்பிட்டால் அவர் சலுகை பெற்றவரே. ஆயினும் அந்த மேசை இருந்த வீட்டின் கதவை வரலாறு உதைத்துத் திறந்தது. 1983 ஜூலை இனக்கலவரம் கண்டிக்கும் பரவியபோது, கணவர் தமிழர் என்ற ஒரே காரணத்துக்காக அக்குடும்பம் வீட்டை விட்டு வெளியேறி, அகதி முகாமில் தங்க நேர்ந்தது. அதற்கு முந்திய கலவரங்களை அவர் கண்டிருந்தார்; கேட்டிருந்தார்; பார்வையாளராக வருந்தியுமிருந்தார். இம்முறை அவரே பட்டியலில் இருந்தார். மறு ஆண்டே கண்டியிலிருந்து வெளிவந்த 'அப்போகலிப்ஸ் 83' என்னும் கவிதைத் தொகுதி இந்த மாற்றத்தின் சாசனம். வெளியிலிருந்து இரங்குபவன் உள்ளிருந்து அனுபவிப்பவனாக மாறும் கணத்தை ஈழத்து ஆங்கில எழுத்தில் இவ்வளவு நேர்மையாகப் பதிந்தவர் அவருக்கு முன் இல்லை என்பது எமது கணிப்பு.

குடும்பம் எழுத்துக்கு இடையூறு என்ற கூற்று இந்த இடத்தில் பொருளற்றுப் போகிறது. தமிழ்க் குடும்பத்தில் மணம் முடிக்காதிருந்தால், பறங்கியர் என்ற பாதுகாப்போடு அவர் கண்டியின் குளிர்ந்த காற்றில் மலர்களையும் மழையையும் பாடியிருக்கலாம். முதல் நூல்களில் அதற்கான அறிகுறிகள் இல்லாமலில்லை. பிள்ளைகளோடு ஒளிந்திருந்த தாய்தான் பெரிய எழுத்தாளராகிறாள். அவரது சிருஷ்டி முறை என்று எதனையாவது சொல்ல வேண்டுமானால் அது இதுதான்: வீட்டுக்குள் வந்து சேர்ந்த நாட்டின் செய்தியை, வீட்டு மொழியிலேயே மீண்டும் மீண்டும் எழுதிப் பார்ப்பது. ஒரே அனுபவம் கவிதையாகிறது, பின்னர் கதையாகிறது, பின்னர் நினைவுக் குறிப்பாகிறது.

நம் ராஜம் கிருஷ்ணனின் (1925–2014) முறை இதற்கு நேர் எதிரானது. கணவரின் மின்சாரத் துறைப் பணி நீலகிரிக்கு அழைத்துச் சென்றபோது படகர் வாழ்வைக் கண்டு 'குறிஞ்சித் தேன்' எழுதினார்; தூத்துக்குடி உப்பளங்களுக்குச் சென்று தொழிலாளரோடு பேசிக் 'கரிப்பு மணிகள்' எழுதினார். வீட்டைவிட்டு வெளியே போய்ச் சமுதாயத்தைச் சேகரித்தார் அவர். ஜீனோ, தம் வாசலுக்கு வந்த சமுதாயத்தை எழுதினார். இரண்டும் யதார்த்தத்துக்கான பாதைகளே. ஆயினும் எமது மனம் முன்னதன் பக்கமே சற்றுச் சாய்கிறது; ஏனெனில் வாசலுக்கு வராத துன்பங்களே நாட்டில் அதிகம்.

இதிலிருந்தே ஜீனின் குறைகளும் தொடங்குகின்றன. வீட்டை மட்டுமே சுற்றிவரும்போது அவர் எழுத்து வம்சாவளியில் சிக்கிக்கொள்கிறது. டச்சு மூதாதையர், அவர்கள் விட்டுச்சென்ற சாமான்கள், தாம் எந்த இனத்தவர் என்ற ஓயாத விசாரம் ஆகியவை 'ஏ கலோனியல் இன்ஹெரிட்டன்ஸ்' (1985) முதலாக நூலுக்கு நூல் தொடர்கின்றன. முதல்முறை வாசிப்பவருக்கு அது ஒரு கண்டுபிடிப்பு. நான்காம் முறை அலுப்பு. புகுந்த வீட்டைப் பற்றிய எழுத்துகளிலும் இந்தத் தயக்கம் உண்டு. தம்மை முழுமையாக ஏற்காத மாமியாரையும், நவாலியின் ஆசாரமிக்க சைவக் குடும்பத்தையும் அவர் எழுதுகையில், விலக்கப்பட்டவளின் வேதனை உயிரோடு வந்துவிடுகிறது. ஆனால் அந்த விலக்கலின் வேர் சாதியமைப்பில் இருக்கிறது. அதே வேலிக்கு வெளியே அதனினும் பன்மடங்கு கொடுமையாக விலக்கப்பட்டோர் அதே ஊர்களில் வாழ்ந்தார்கள். மருமகளின் கண்ணீர் அவர்கள் பக்கம் திரும்பியிருந்தால் அந்த எழுத்து எவ்வளவு உயர்ந்திருக்கும்! கே. டானியல் 'பஞ்சமர்' எழுதிய யாழ்ப்பாணமும் அதுவே அல்லவா? மற்றொன்று மொழி. மாமியார் வாசிக்க முடியாத மொழியில் மருமகள் மாமியாரைப் பற்றி எழுதினாள். இதற்காக ஜீனை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று. பறங்கியர் வீட்டு மொழி ஆங்கிலம். எனினும் குடும்பத்தை எழுதும் எழுத்து அக்குடும்பத்தின் ஒரு பாதிக்கு எட்டாமற் போனது அந்த எழுத்தின் துயரங்களில் ஒன்று.

இக்குறைகளைத் தாண்டி அவர் நிற்பது 'ஆல் இஸ் பேர்னிங்' தொகுதியில். தலைப்பே புத்தபகவானின் தீ உபதேசத்தை நினைவூட்டுவது. 'எல்லாம் எரிகின்றது' என்பது அதன் பொருள். இங்கே அவர் தம் வீட்டைவிட்டு வெளியேறுகிறார். கொல்லப்பட்டோரின் உடல்களிடையே தன் வீட்டு ஆளைத் தேடிச் செல்லும் தாய். இருபுறமும் ஆயுதம் நிற்க நடுவில் அகப்பட்ட ஒரு பாடசாலை ஆசிரியன். களவாக எல்லை கடந்து ஐரோப்பாவுக்குள் நுழைய முயலும் அகதிகள். இவர்கள் எவரும் ஜீனின் உறவினரல்லர். சிங்களத் தாயும் தமிழ் ஆசிரியனும் ஒரே தொகுதிக்குள் ஒரே மதிப்போடு நடமாடுகிறார்கள். முகாமில் பிள்ளைகளோடு இருந்த நாட்களின் அனுபவம் இல்லாமல் இப்பாத்திரங்கள் பிறந்திருக்க முடியாது என்றே எண்ணுகிறோம். தன் பிள்ளைகளுக்காக அஞ்சியவள் பிறர் பிள்ளைகளுக்காக அஞ்சக் கற்றுக்கொண்டாள். அந்த அச்சம் கதைகளாக விரிந்திருக்கிறது.

வீட்டின் உட்புறம் பற்றியும் ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். கணவர் தியாகராசாவும் எழுத்தாளர், நாடகாசிரியர். இலங்கையின் ஆங்கில எழுத்துக்கு வழங்கப்படும் கிறேஷியன் பரிசு, 2015ஆம் ஆண்டுக்கு அவரது நூலுக்கும், 2017ஆம் ஆண்டுக்கு ஜீனின் 'தி லைப் ஒவ் த பொயற்' தொகுதிக்கும் கிடைத்தது. மகள்களும் எழுத வந்தார்கள். ஒரு கூரையின் கீழ் நால்வர் எழுதினால் சோறு யார் வடிப்பது என்று கேலி பேசுவோர் இருக்கலாம். எழுத்து ஒருவரின் திருட்டுப் பொழுதாக இல்லாமல் வீட்டின் பொதுக் காரியமாக ஆகும்போது, அதற்கான நேரமும் பொதுவில் பகிரப்படும் வாய்ப்பு உண்டாகிறது. லெனாட் வூல்ப் அச்சகம் நடத்தி மனைவியின் நூல்களை அச்சிட்டார். நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் ஒரே இயக்கத்தில் நின்றார்கள். நம் முற்போக்கு எழுத்தாளர்களில் எத்தனை பேர் வீடுகளில் இது நிகழ்ந்திருக்கிறது என்ற கேள்வியை நாம் நமக்குள்ளேயே கேட்டுக்கொள்ளவேண்டும். மேடையில் பெண் விடுதலை முழங்கிவிட்டு, வீடு திரும்பியதும் தேநீருக்குக் குரல் கொடுக்கும் தோழர்களை நாம் அறிவோம்.

இப்போது செய்யவேண்டிய காரியம் ஒன்றுண்டு. கண்டிக்கு அருகே தலாத்துஓயாவில் வாழ்ந்து 2004இல் மறைந்த கே. கணேஷ், முல்க் ராஜ் ஆனந்தின் நாவலைத் 'தீண்டாதான்' என்று தமிழுக்குத் தந்தார். சீனத்து லூசுனையும் வியட்நாமின் ஹோ சி மின்னையும் நமக்கு அறிமுகப்படுத்தினார். அதே மலைச்சாரலில் எழுதிய ஜீன் அரசநாயகத்தை நம் பாடசாலை மாணவர் தமிழில் வாசிக்க அத்தகைய உழைப்பு தேவை. முதலில் மொழிபெயர்க்கப்பட வேண்டியது 'ஐ ஆம் அன் இனசென்ற் மேன்' என்னும் அந்த ஆசிரியன் கதை. நம் வாசகரிற் பெரும்பாலோர் ஆசிரியர்கள் என்பது மட்டும் அதற்குக் காரணமன்று. அடுத்து எரிகின்ற ஊரின் தாய்க் கதை. நவாலிக் குடும்பத்தைப் பற்றிய பக்கங்கள் அதன்பின் வரலாம். 1995 ஜூலையில் அவ்வூர்த் தேவாலயத்தின்மீது குண்டு வீழ்ந்து தஞ்சம் புகுந்தோர் மாண்டதை அறிந்த நம் வாசகர் அப்பக்கங்களை வேறு கண்ணோடு படிப்பார்கள். டச்சு மூதாதையர் சற்றுக் காத்திருக்கட்டும்.